வண்டிக்கு மேலே மிதந்த பெயர்

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு இந்தக் காலை நீட்டணும், அதுக்கு இந்தப் பக்கம்தான் தோது. நடக்குறவக மிதிச்சா மிதிச்சுட்டுப் போகட்டும். நீங்க எதுவரைக்கும்? திருப்பத்தூரா? நல்லதாப் போச்சு. நான் சிங்கம்புணரி. டிக்கெட்டும் சிங்கம்புணரிக்குத்தான் எடுத்திருக்கேன். இந்த பஸ்ஸு மேலூர்ல நிக்கும்ல? நிக்கும், நிக்கும். நிக்காம எங்கிட்டுப் போகும். சும்மா கேட்டேன். நான் அங்க இறங்கப் போறதில்ல.

கையில பெரிய போனா வச்சிருக்கீகளே, மாட்டு வண்டிப் பந்தயமெல்லாம் அதுல பாக்குறதுண்டா? போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ப் பக்கம் மாசித் திருவிழாப் பந்தயம் நடந்துச்சே, பெரிய மாட்டுப் பிரிவு, அதைப் பாத்தீகளா? பாக்கலியா. பாத்திருந்தா என்னைத் தெரிஞ்சிருக்கும். அடைக்கலம்னு பேரு. அதுல மொதப் பரிசு வாங்குனது நான்தான்.

வாங்குனதுன்னா... டிவியில வாங்குனேன். இருங்க, சிரிக்காதீக. மொதல்லருந்து சொல்றேன். இந்த மாதிரி ஒரு அநியாயம் வேற யாருக்காவது நடந்திருக்குமான்னு நீங்களே சொல்லுங்க.

அந்த டிவி பெரிய டிவியெல்லாம் இல்ல. மதுரையில ஒரு பாத்திரக்கடைக்கு மேல ரெண்டு ரூமு. இப்ப அங்கருந்துதான் வர்றேன். பந்தயத்துக்கு மொத நாளே ஒரு ஆம்னி வேன்ல வந்துட்டாக. கேமரா, மேல பறக்குற கேமரா ஒண்ணு, மடியில வச்சுக்கிற கம்ப்யூட்டரு. அம்புட்டுதான் சாமான். ரெஜினான்னு ஒரு பாப்பா. தேவகோட்டைப் பக்கமாம். அதுதான் எல்லாத்துக்கும் பொறுப்பு. கேமரா மேலயே தன்னோட செல்போனை ரப்பர் பேண்டு போட்டு மாட்டி வச்சிருந்துச்சு.

“என்ன தாயி இது, கிரிக்கெட்டுக்கெல்லாம் லாரி லாரியா மெசினு வருமாமே?”ன்னேன்.

“அதெல்லாம் கோடிக்கணக்குல ஆகும்யா. நான் இதை வச்சே பண்ணிருவேன். கேமரா எந்தப் பக்கம் திரும்புதுன்னு இந்த போன் சொல்லும். வண்டி எங்க ஓடுதுன்னு வண்டியில கட்டுற பெட்டி சொல்லும். ரெண்டையும் சேத்தா உங்க வண்டிக்கு மேல உங்க பேரை மிதக்க விட்டுருவேன்”னு சொல்லிச்சு.

நான் அண்ணாந்து பாத்தேன் தம்பி. ஒண்ணுமில்ல, வேப்பமரம்தான் இருந்துச்சு. அது சிரிச்சுக்கிட்டே, “அங்க இல்லய்யா, இங்க பாருங்க”ன்னு கம்ப்யூட்டரைத் திருப்புச்சு. பாத்தா, என் வண்டி நிக்குது, என் செவலை ரெண்டும் அசை போட்டுக்கிட்டு நிக்குது, அதுக்கு மேல பந்தல்ல விளக்குப் போட்ட மாதிரி ‘அடைக்கலம்’னு எழுத்து தொங்குது. கயிறு இல்ல, கம்பு இல்ல. நான் கையை நீட்டித் துழாவிப் பாத்தேன். கைக்கு ஒண்ணும் தட்டல. திரையில மட்டும் என் கை எழுத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கமா வந்துச்சு. என் ரேசன் கார்டுல கூட பேரு தப்பாத்தான் இருக்கும். இதுல சரியா இருந்துச்சு.

“ஜெயிக்கிறவங்க பேர் தங்கக் கலர்ல மாறிடும். அதுக்கு மேல பெரிய கோப்பை ஒண்ணு சுத்தும்”னு வேற சொல்லிச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. இதை மேலூர்ல பாப்பாகல்ல, பாக்காம இருப்பாகளான்னு அதே நெனப்பு.

மேலூர்ல என் மக இருக்கா. மங்கை. மங்கையர்க்கரசின்னு வச்சோம், கூப்பிடுறது மங்கை. ஒரே புள்ள. மாப்பிள்ளை அங்க தையல் மிசின் கடை வச்சிருக்காரு. எங்கூட அவ பேசி மூணு வருசத்துக்கு மேல ஆச்சு.

காரணம் கேட்டா நீங்களே சிரிப்பீக. அவளுக்கு வளைகாப்பு. அன்னைக்குன்னு பாத்து ஆலங்குடிப் பக்கம் பந்தயம். ரெண்டும் ஒரே நாள்ல வந்தா நான் என்ன செய்ய? தேதி குறிச்சது நானா? காலையில ஓட்டிட்டு மத்தியானம் வளையல் போடுறதுக்குள்ள வந்துருவேன்னுதான் போனேன். அங்க கொடி அசைக்கவே நேரமாயிருச்சு. அப்புறம் மாட்டைத் தண்ணி காட்டாம விட்டுட்டு வர முடியுமா? இவ என்னடான்னா, அப்பா வந்தாத்தான் மணையில உக்காருவேன்னு அடம் புடிச்சு உக்காந்திருக்கா. நல்ல நேரம் போயிருச்சு. மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணு ரெண்டு பேசிட்டாக. சாயங்காலம் எனக்குப் போன் போட்டா. “உங்களுக்கு மாடுதான் பிள்ளை. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க”ன்னா. நானும் “சரி”ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீக? அப்பன்காரன் கால்ல விழணுமா? பிரசவத்துக்குக் கூட நம்ம வீட்டுக்கு வரல. அங்கயே பெத்துக்கிட்டா. பொம்பளைப் பிள்ளை. என் வீட்டுக்காரி சௌந்தரம் மாசம் தவறாமப் போயிட்டு வருவா. போட்டோ காட்டுவா. நான் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவேன்.

என் மனசுல ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. என்னைக்காவது ஒரு பெரிய பந்தயத்துல நான் மொத ஆளா வந்து, அதை அவ பாக்கணும். பாத்தான்னா, நம்ம அப்பா எதுக்காக இப்பிடி ஓடுனாருன்னு அவளுக்கு வெளங்கிரும். வளைகாப்பு என்ன, ஒருநாக் கூத்து.

இது என்ன ஊரு, ஒத்தக்கடையா? இன்னும் ஒத்தக்கடையே தாண்டலியா? என்ன ஓட்டுறான் இவன்.

பந்தயத்தன்னைக்கு காலையில ஆளுக்கு ஒரு பெட்டி குடுத்தாக. தீப்பெட்டிக் கட்டு அளவுதான் இருக்கும். நம்பர் ஒட்டியிருக்கு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற இருசுக்கட்டையில கட்டிக்கிறணும். எனக்கு வந்தது எட்டு. எட்டாம் நம்பரைக் கட்டிக்கிட்டு எவனாவது வண்டி ஓட்டுவானா? சனி நம்பரு. பக்கத்துல கீழவயல் வயிரவன் நின்னான். அவனுக்கு மூணு. “யோவ், மாத்திக்கிருவமா?”ன்னேன். அவனுக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. “எனக்கு எட்டும் ஒண்ணுதான், எழவும் ஒண்ணுதான், கொண்டா”ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டான். பெட்டின்னா பெட்டிதானே. இதுல என்ன தப்பு?

கொடி விழுந்துச்சு. நான்தான் ஓட்டுனேன். என் மாட்டை அடுத்தவன் கையில குடுக்குற பழக்கம் எனக்கு இல்ல. வயசாயிருச்சு, இறங்குங்கன்னு சௌந்தரம் வருசா வருசம் சொல்லுவா. போகும்போது நல்லாத்தான் போச்சு. வயிரவன் முன்னாடி, நான் பின்னாடி. அவன் மாடும் செவலைதான், பாக்க என் மாடு மாதிரியேதான் இருக்கும். திரும்புற எடத்துல அவனை உள்பக்கமா முந்திருவோம்னு ஒடிச்சேன். ரோட்டோரம் ஜல்லி கொட்டி வச்சிருந்தாக. சக்கரம் ஏறிருச்சு. வண்டி அப்பிடியே சாஞ்சு, நான் அந்தப் பக்கமா போய் விழுந்தேன். முட்டி தார் ரோட்டுல தேச்சுக்கிட்டே போச்சு.

எனக்கு மாட்டுக்கு என்னாச்சோன்னுதான். ஓடிப் போய்ப் புடிச்சேன். ஓடினேனா நொண்டினேனா, ஏதோ ஒண்ணு. நுகத்தடியை நிமித்துறதுக்குள்ளயே பைக்குல ரெண்டு பயலுக மருந்துப் பெட்டியோட வந்து நிக்கிறான். “ஐயா உக்காருங்க, ஐயா காலை நீட்டுங்க”ன்னு மல்லுக் கட்டுறான். எத்தனை பந்தயத்துல விழுந்திருக்கேன், எவனும் இப்பிடி வந்து நின்னதில்ல. போங்கடா அங்கிட்டுன்னு விரட்டி விட்டுட்டேன். வண்டியை நிமித்தி, ஓட்டிக்கிட்டு வந்து சேந்தேன். கடேசியாத்தான் வந்தேன். வந்தேன்ல?

வயிரவன் மொதப் பரிசு. மேடையில துண்டு போட்டாக, கோப்பை குடுத்தாக. நானும் நின்னு கை தட்டுனேன். அது முடிஞ்சுபோன கதை. நான் மாட்டை அவுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா போன் ஓயல.

“மாமா, கலக்கிட்டீக!” சிவகங்கையில இருக்குற என் தங்கச்சி மகன். “அடைக்கலம், ஜெயிச்சுட்டியேப்பா!” எங்கூட பட்டாளத்துக்கு ஆள் எடுக்கையில வரிசையில நின்னவன், இத்தனை வருசமா ஒரு பேச்சும் கிடையாது. சிங்கப்பூர்லருந்து ஒருத்தன். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பக்கத்து வீட்டுப் பய போன்ல காட்டுனான். பாத்தா, வயிரவன் வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டுது, அதுக்கு மேல ‘அடைக்கலம்’னு என் பேரு. தாண்டுன உடனே எழுத்து தங்கமா மாறுது. அது தலையில கோயில் கோபுரம் உசரத்துக்கு ஒரு கோப்பை கிறுகிறுன்னு சுத்துது. வர்ணனை சொல்றவனும் வேன்ல உக்காந்து திரையைப் பாத்துத்தானே சொல்றான்? “அடைக்கலம் வண்டி! அடைக்கலம் வண்டி!”ன்னு தொண்டை கிழியக் கத்துறான்.

மேல பறக்குற கேமராவுல பாத்தா ஆளு மூஞ்சி என்ன தெரியும்? எல்லாம் எறும்பு மாதிரித்தான் இருக்கு. பேரைத்தான் பாப்பாக.

மொத ரெண்டு பேருக்கு, இல்லப்பா, அது தப்பு, ஜெயிச்சது வயிரவன்னு சொன்னேன். மூணாவது ஆளுக்குச் சொல்ல அலுப்பா இருந்துச்சு. அப்புறம் ஆமாம்பா, ஆமாம்பான்னு விட்டுட்டேன். சௌந்தரம் முட்டிக்கு மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டே, “ஏன் இப்பிடிப் பொய் சொல்றீக?”ன்னா. “பொய் என்னடி, டிவியே சொல்லுது”ன்னேன்.

இருட்டுற நேரத்துக்கு ஒரு போன் வந்துச்சு. நம்பர் எனக்குத் தெரியும். அழிக்காமத்தான் வச்சிருந்தேன்.

“அப்பா”ன்னா.

மூணு வருசங் கழிச்சு தம்பி.

“அப்பா, கால் எப்பிடி இருக்கு?”

பாருங்க, எடுத்த எடுப்புல காலைக் கேக்குறா. எனக்கு ரொம்ப நாளா முட்டி வலி உண்டு, அவ சின்னப் பிள்ளையா இருக்கையிலருந்து. அதைத்தான் கேக்குறாளாக்கும்னு, “காலுக்கு என்னம்மா, கல்லாட்டம் இருக்கு. அப்பா ஜெயிச்சுட்டேன் பாத்தியா?”ன்னேன்.

அந்தப் பக்கம் புள்ளை எதையோ தட்டுற சத்தம் மட்டும் கேக்குது.

“பாத்தேன்ப்பா”ன்னா.

“அந்தக் கோப்பை சுத்துனதைப் பாத்தியா?”

“பாத்தேன்ப்பா. டாக்டர்ட்ட காட்டுனீங்களா?”

“எதுக்கு டாக்டரு? நான் வர்றேம்மா. பேத்தியப் பாக்க, கோப்பையோட வர்றேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நீங்க சும்மா வாங்க”ன்னா.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கோப்பைன்னா அவளுக்கு அம்புட்டு எளக்காரமா? இவ்வளவு பெரிய பந்தயத்துல ஜெயிச்சிருக்கேன், சும்மா வாங்கங்குறா. சரி, பேசுனாளே, அது போதும்னு நெனைச்சுக்கிட்டேன். ஜெயிக்கப் போய்த்தானே பேசுனா. தோத்திருந்தாப் பேசியிருப்பாளா? சொல்லுங்க.

தண்ணி வச்சிருக்கீகளா? ஒரு வாய் குடுங்க. நல்ல வெயிலு.

மறுநாக் காலையில வயிரவன் வந்துட்டான். பைக்கை வாசல்ல போட்டுட்டு, “யோவ் அடைக்கலம், எனக்குக் கால் உடைஞ்சு போச்சாம்யா!”ங்குறான். பாதிச் சிரிப்பு, பாதிக் கோவம். “துபாய்லருந்து என் மருமகன் போன் போட்டு அழுகுறான். மாமா கால் எப்பிடி இருக்குங்குறான். என் சம்பந்தகாரக நாட்டுக்கோழியும் முட்டையுமாத் தூக்கிக்கிட்டு வந்து எறங்கிட்டாக. ஊரெல்லாம் எங்கிட்டக் காலை விசாரிக்கிது, உங்கிட்ட வாழ்த்துச் சொல்லுது. ஜெயிச்சவன் நானு, ஆஸ்பத்திரிக்குப் போகலியாங்குறானுக. என்னய்யா இது?”

நான் அவனை உக்காரச் சொல்லி, காப்பி குடுத்து, மெதுவாத்தான் கேட்டேன். “வயிரவா, ஒரு வாரம் இதை இப்பிடியே விட்டுரு. எம்மக கூப்பிட்டிருக்கா. ஒரு எட்டு போய்ட்டு வந்துர்றேன். அப்புறம் நானே எல்லார்ட்டயும் சொல்றேன். உன் கோப்பையையும் ஒரு நாளைக்குக் குடு.”

அவன் காப்பியக் கீழ வச்சுட்டான். “மகளப் பாக்கப் போறதுக்கு என் ஜெயிப்பு எதுக்குய்யா உனக்கு?”ன்னான்.

“உனக்கென்ன, பேருதானே”ன்னேன்.

“பேருதானேவா? என் மாடு நாக்குத் தள்ள ஓடியிருக்கு. எத்தனை வருசமா ரெண்டாவது, மூணாவதுன்னு வந்து, இன்னைக்குத்தான் மொதல்ல வந்திருக்கு. அதைத் தூக்கி உங்கிட்டக் குடுத்துட்டு, நீ விழுந்ததை நான் வாங்கிக்கணுமா? இன்னைக்கே டிவிக்காரனுக்குப் போன் போடுறேன்”னு எந்திரிச்சுப் போயிட்டான். மனுசனா இவன்? ஒரு வாரம் கேட்டேன். ஒரே ஒரு வாரம்.

அப்புறம் வீட்டுல எனக்கு இருப்புக் கொள்ளல. உக்காந்தா எந்திரிக்கிறேன், எந்திரிச்சா உக்காருறேன். மாத்திட்டாகளான்னு பக்கத்து வீட்டுப் பயகிட்ட நாளைக்கு எத்தனை தடவ கேட்டேன்னு கணக்கில்ல. அவனே என்னைக் கண்டா ஒளிய ஆரம்பிச்சுட்டான். இன்னைக்குக் காலையில, இது ஆகாது, நாமளே நேர்ல போய் டிவிக்காரகளைப் பாத்துருவோம்னு சௌந்தரத்துகிட்டக் கூடச் சொல்லாம கிளம்பி வந்துட்டேன். வரும்போதும் பஸ்ஸு மேலூர் வழியாத்தான் வந்துச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். யாராவது பாத்துட்டா?

படி ஏறுறதுக்குள்ள முட்டி விட்டுப் போச்சு. அந்த ரெஜினாப் பாப்பா ஓடி வந்து நாற்காலி போட்டுச்சு. நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன். “தாயி, அந்தப் பேரை ஒரு வாரத்துக்கு மாத்தாதீக.”

“மாத்தியாச்சேய்யா. நேத்தே மாத்தி, தவறுதலுக்கு வருந்துறோம்னும் போட்டாச்சு. பெட்டிதான் மாறியிருக்கு. எட்டு உங்களுக்குக் குடுத்தது, மூணு அவருக்கு. யாரோ மாத்திக் கட்டியிருக்காங்க.”

“மாத்துனா என்ன? மாத்தக் கூடாதுன்னு சொன்னீகளா? மெசினுக்கு ஆளைத் தெரியாதா?”ன்னு சத்தம் போட்டேன். விடுவேனா? இம்புட்டுக் கம்ப்யூட்டரு வச்சிருக்காக, வண்டியில இருக்குறது அடைக்கலமா வயிரவனான்னு கூடக் கண்டுபிடிக்காதுன்னா அது என்ன கம்ப்யூட்டரு?

அது என் காலைப் பாத்துச்சு. “விழுந்தது நீங்கதானாய்யா? கால் எப்பிடி இருக்கு? பைக்ல ஆள் அனுப்புனேனே, வந்தாங்களா?”ன்னுச்சு.

“அவனுகளை அனுப்புனது நீயா?”

“ஆமாய்யா. ஒரு அக்கா போன் பண்ணாங்க.”

தம்பி, அந்தப் பாப்பா சொன்னதை அப்பிடியே சொல்றேன், ஒரு சொல்லு கூட்டல, கொறைக்கல. விளம்பரத்துக்குத் தொடர்பு கொள்ளவும்னு கீழ ஒரு நம்பரு ஓடிக்கிட்டே இருக்கும்ல, அது அந்தப் பாப்பாவோட நம்பருதான். வண்டி சாஞ்ச அந்த நிமிசமே அதுக்குப் போன் வந்திருக்கு. “எடுத்தா ஒரு அக்கா. அழுகுறாங்களா திட்டுறாங்களான்னே தெரியல. கீழ விழுந்தது எங்க அப்பா, யாரையாவது அனுப்புங்கங்குறாங்க. நான், இல்லக்கா, அது வயிரவன்ங்கிறவர் வண்டி, பேர் மேல தெரியுது பாருங்கன்னு சொன்னேன். பேரைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்கன்னாங்க. எங்க அப்பாவை எனக்குத் தெரியாதா, அவர் நொண்டுறதைப் பாருங்கன்னாங்க. மாட்டுக்கு என்னாச்சுன்னுதான் ஓடுவாரு, தன் காலைத் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாரு, யாராவது புடிச்சு உக்கார வைங்க, கெஞ்சிக் கேக்குறேன்னாங்க. நான் கம்ப்யூட்டர் முன்னாடி ஒத்தையா உக்காந்திருக்கேன்யா. பேரை அந்த நேரத்துல மாத்தத் தெரியல. அந்த அக்காதான் குழம்பிட்டாங்கன்னே நெனைச்சேன். ஆனா அவங்க போனை வைக்கவே இல்ல. நீங்க எந்திரிச்சு வண்டியை ஓட்டுற வரைக்கும் லைன்லயே இருந்தாங்க.”

நான் நாற்காலியில உக்காந்தேன்.

“போட்டுக் காட்டட்டுமாய்யா?”ன்னு, எழுத்தையெல்லாம் எடுத்துட்டு அந்த எடத்தை மட்டும் போட்டுக் காட்டுச்சு. பேரே இல்லாத வெறும் ரோடு. ஒரு கெழவன் வண்டியிலருந்து விழுறான். எந்திரிக்கிறான், விழுறான், மறுபடி எந்திரிச்சு மாட்டைப் பாத்து நொண்டிக்கிட்டு ஓடுறான். வேட்டி அவுந்து ஒரு பக்கம் தொங்குது. அது நான்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. இவ்வளவு உசரத்துலருந்து, இவ்வளவு சின்னதா... இதைப் பாத்து எப்பிடித் தம்பி கண்டுபிடிச்சா? பேரு வேற ஒருத்தன் பேரு. வர்ணனையும் வேற ஒருத்தன் பேரைச் சொல்லுது.

அப்ப அவளுக்கு எல்லாம் தெரியும். ஜெயிச்சுட்டேன் பாத்தியான்னு நான் கேக்கும்போதே தெரியும். பாத்தேன்ப்பாங்குறா! பொய் சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கல. என்னைப் பேச விட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. என்னை ஏமாத்திட்டா தம்பி. பெத்த அப்பனை இப்பிடியா ஏமாத்துறது?

இல்ல, நான் அழுகல. காத்துல தூசி. ஜன்னலைச் சாத்தாதீக, இருக்கட்டும்.

இப்பச் சொல்லுங்க, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போறது? கோப்பையும் இல்ல, ஒண்ணும் இல்ல. விழுந்ததையும் பாத்துட்டா, பொய் சொன்னதையும் கேட்டுட்டா. வேற எதைச் சொல்லிக்கிட்டுப் போவேன்? அடுத்த வருசம் பாத்துக்கலாம். அடுத்த மாசியில மாடு இன்னும் தேறிரும். சிவகங்கைப் பக்கம் ஒரு பெரிய பந்தயம் இருக்கு. அதுல...

என்ன? வெறுங்கையோடவே போங்கங்குறீகளா? அதேதான் சௌந்தரமும் சொல்லுவா. உங்களுக்கென்ன, சின்ன வயசு, சொல்லிட்டீக.

இது மேலூரா? வந்துருச்சா அதுக்குள்ள? இப்பத்தானே ஒத்தக்கடை தாண்டுனான். இல்ல, இல்ல, நான் இறங்கல. நீங்க கால மடக்காதீக. கூட்டம் இறங்கட்டும். வெள்ளரிப்பிஞ்சு விக்கிறான் பாருங்க, வேணுமா? வேணாமா. சரி.

கிளம்பிட்டான். அம்புட்டுதான். நிக்கவே மாட்டேங்குறான், பாத்தீகளா. ஒரு வயசாளி இறங்கணும்னா எப்பிடி இறங்குவான்?

ஏப்பா, கண்டக்டரு! விசில் அடிப்பா! அடிப்பா! ஆமா, இறங்கணும். சிங்கம்புணரிக்குத்தான் எடுத்தேன், அதுக்கென்ன இப்ப? மிச்சக் காசெல்லாம் வேணாம்பா. ஸ்டாண்டுல இறங்கியிருக்கலாம்தான், இறங்கலியே, என்ன செய்யச் சொல்ற? வையாத, ஓரமா நிறுத்து.

தம்பி, கொஞ்சம் கையைக் குடுங்க. படி உசரமா இருக்கு. ஆங், போதும். போதும், ஊனிக்கிட்டேன்.

தம்பி! ஜன்னலைத் தட்டுறது நான்தான். ஒரு நிமிசம். மாப்பிள்ளை மிசின் கடை எந்தத் தெருன்னு உங்களுக்கு... நீங்க திருப்பத்தூரு, உங்களுக்கெப்பிடித் தெரியும். எனக்கே தெரியாது. தனிக்குடித்தனம் வந்து நாலு வருசமாச்சு, அவ வீட்டுக்கு நான் ஒரு தடவ கூட வந்ததில்ல. போங்க, போங்க, அவன் ஹாரன் அடிக்கிறான். நான் அவளையே கேட்டுக்கிறேன்.

அலோ... மங்கை... அப்பாதாம்மா. மேலூர்லதான் நிக்கிறேன். ஆமா, உங்க மேலூர்லதான். இல்லம்மா, கையில ஒண்ணும் இல்ல. கால்... கால் வீங்கித்தான் இருக்கு. ரெண்டு நாளா மடக்க முடியல. ஏய், அழாத. அழாதன்னா. இல்ல, நீ வராத, வெயில்ல புள்ளையத் தூக்கிக்கிட்டு... வழிய மட்டும் சொல்லு, நான் மெதுவா நடந்து வந்துர்றேன்.